ஏணியைச் சாய்த்தவர் யார்?

'கண்டக்டர்' என்னும் சொல் மலேசியத் தமிழர் செவியில் நெடுங்காலம் இரண்டு பொருளில்தான் ஒலித்தது. ஒருவர், தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையை மேற்பார்த்தவர். மற்றவர், பேருந்தில் பயணச்சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது முன்னவர் மங்கினார். ஓட்டுநரே கட்டணம் பெறத் தொடங்கியதும் பின்னவரும் மறைந்தார். இச்சொல்லுக்கு மூன்றாவது பொருளும் உண்டு. நூறு கருவியாளர்முன் கையிற் சிறு கோலேந்தி நின்று, தாம் ஓர் ஒலியும் எழுப்பாமல், எழும் ஒலிகள் அனைத்தையும் ஓருயிராக்கும் இசை நடத்துநரையும் அச்சொல் குறிக்கும். இந்த மூன்றாமவரைத் தமிழர் அறியாதிருப்பது குற்றமன்று. அத்தகைய ஒருவரை உருவாக்கும் வழிமுறை உலகில் இருக்கிறது என்பதையும், அவ்வழிமுறை ஒரு காலத்தில் தமிழரிடமும் இருந்தது என்பதையும் அறியாதிருப்பதே குற்றம்.

ஜுன் மெர்க்கில் என்பார் 1959ஆம் ஆண்டு செருமனியின் மியூனிக் நகரிற் பிறந்தார். தந்தையார் செருமானியர், வயலின் கலைஞர். தாயார் சப்பானியர், பியானோக் கலைஞர். இளமையில் வயலினும் பியானோவும் பயின்ற அவர், ஹனோவர் இசைக்கல்லூரியில் இசை நடத்துங்கலையையும் கற்றார். பின்னர்ச் செர்சியு செலிபிடாக்கே என்னும் பேராசானிடம் பயின்றார். 1986இல் செருமானிய இசை மன்றத்தின் போட்டியில் வென்றார். அதன் பின் அமெரிக்காவின் டாங்கில்வுட்டில் இலியனார்டு பெர்ன்சுடைனிடமும் செய்சி ஒசாவாவிடமும் பயிலும் உதவித்தொகை பெற்றார். 1991 முதல் 1994 வரை சார்புருக்கன் அரசு நாடக அரங்கிலும், 1994 முதல் 2000 வரை மான்கைம் தேசிய நாடக அரங்கிலும் தலைமை இசைப்பொறுப்பு வகித்தார். இலண்டன், நியூயார்க்கு நகரங்களின் பேரரங்குகளிலும் ஓபரா எனப்படும் இசைநாடகங்களை நடத்தினார். அம்மனிதர்தாம் 2021ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மலேசியப் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசை இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அவருக்கு முன்னரே, இலைப்சிக் நகரிற் பிறந்த கிளாவுசு பீட்டர் புளோர் என்னும் மற்றொரு செருமானியரும் 2008 முதல் 2014 வரை அதே பொறுப்பில் இருந்திருக்கிறார்.

இரட்டைக் கோபுரத்தின் அடியில், 1998ஆம் ஆண்டு ஆகசுடு 17ஆம் நாள் திறக்கப்பட்ட மண்டபத்தில் இவர்கள் கோலெடுத்து நின்றனர். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் பத்துமலை இருக்கிறது. அம்மலையடிவாரத்தில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் 272 படிகளை ஏறி இறங்குகின்றனர். அவ்வேளையில் அடிவாரம் முழுவதும் இசையால் அதிர்கிறது. அந்த மண்டபத்திற்கும் இந்த அடிவாரத்திற்கும் இடையே இருப்பது 13 கிலோமீட்டர் மட்டுந்தானா? இல்லை; இடையே ஓர் ஏணி இருக்கிறது. அங்கே அது நிமிர்ந்து நிற்கிறது; இங்கே சாய்ந்து கிடக்கிறது.

மெர்க்கிலின் வாழ்க்கையில் கற்றுக்கொள்ள வேண்டியது அவருடைய மேதைமை அன்று. மேதைமையை எவரும் எவருக்கும் கற்பிக்க இயலாது. கற்றுக்கொள்ள வேண்டியது அவர் ஏறிய படிகளை. செருமனியில் எண்பதுக்குக் குறையாத ஓபரா அரங்குகள் பொதுப்பணத்தால் நடத்தப்படுகின்றன. அங்கு இசை நடத்துநராக விரும்பும் இளைஞன் முதல் நாளே கோலைக் கையிற் பெறுவதில்லை. பாடகர்கள் ஒத்திகை பார்க்கும் சிற்றறையில் பியானோ வாசிக்கும் துணைவனாகத் தொடங்குகிறான். ஒவ்வொரு பாடகரும் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லில் தடுமாறுவார், எந்த உயரத்தில் குரல் நடுங்கும் என்பதை அந்த அறையில்தான் அவன் அறிகிறான். பிறகு மேடைக்குப் பின்னாலிருந்து பாடகர் குழுவுக்குச் சைகை காட்டுகிறான். பிறகு துணை நடத்துநர், இரண்டாம் நடத்துநர், முதல் நடத்துநர் என உயர்கிறான். இறுதியில் ஒரு நகரத்தின் தலைமை இசைப்பொறுப்பையே அடைகிறான். ஒவ்வொரு படியிலும் அவனுக்கு ஊதியம் உண்டு. மேலிருந்து திருத்துவோர் உண்டு. தவறு செய்தால் பிழைத்துக்கொள்ள இடமும் உண்டு.

சார்புருக்கன் இரண்டு இலட்சம் மக்கள்கூட இல்லாத நகரம். மான்கைம் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வாழும் தொழில்நகரம். அங்குள்ள தேசிய அரங்கில்தான் 1782ஆம் ஆண்டு சில்லரின் முதல் நாடகம் அரங்கேறியது. கிள்ளான் மாவட்டத்தின் மக்கள்தொகையோ 10 இலட்சத்தைத் தாண்டியது. நகரம் சிறிதா பெரிதா என்பதன்று வினா. நகரம் தன் கலைஞனுக்குப் படி கட்டியிருக்கிறதா என்பதே வினா.

'ஓபரா மேலைநாட்டார் கலை. தமிழனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என வினவுவோர் உளர். இவ்வாறு வினவுவோர் பெரும்பாலும் தமிழ்ப்பற்று மிக்கவர்களே. ஆயினும் அவர்களுடைய பற்றைக் காட்டிலும் அவர்களுடைய மறதியே பெரிதாக இருக்கிறது. பாட்டும் கூத்தும் கதையும் ஒருங்கிணைந்த இசைநாடகம் தமிழரின் முதுசொம். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும், கோபாலகிருட்டிண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் இசையால் கதை சொல்லும் மரபில் வந்தவையே. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாகச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நிற்கிறது.

தமிழாசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பில் நடத்தும் காதை அது. அணிநயமும் சொற்பொருளும் தேர்வுக்குரிய வினாக்களும் அதிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஆனால் அஃது ஒரு கலைநிறுவனத்தின் சட்டநூல் என்பதை எத்தனை வகுப்புகளில் சொல்கிறோம்? ஆடலாசான் எத்தகுதியுடையவனாக இருத்தல் வேண்டும், இசையாசிரியன் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலூதுவோன், யாழிசைப்போன் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் உரிய இலக்கணம் யாது என இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். அரங்கின் அளவையும் விடவில்லை: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மாதவி 5ஆம் வயதில் தொடங்கி 7 ஆண்டுகள் பயின்று 12ஆம் வயதில் அரங்கேறினாள். அரங்கேற்றத்தின் முடிவில் அரசன் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் அளித்தான்.

பயிற்சிக்கு ஆண்டுக்கணக்கு, ஆசிரியனுக்குத் தகுதி, அரங்கிற்கு அளவு, தேர்ச்சிக்கு அரசின் பொருள் என நான்கும் ஆங்கே இருக்கின்றன. செருமானியர் இன்று நகராட்சிப் பணத்தில் செய்வதைச் சோழநாட்டு அவைக்களம் அன்றே செய்ததாக இளங்கோவடிகள் பாடியிருக்கிறார். கோல் என்னும் சொல்லும் தமிழரிடம் இருந்தது. கோலுக்குரிய மதிப்பும் இருந்தது. நாட்டிய அரங்கில் கைத்தாளமும் வாய்ச்சொற்கட்டுமாக அமர்ந்து ஆடுவோரையும் பாடுவோரையும் முழவு கொட்டுவோரையும் ஒரு கயிற்றிற் கோத்து நடத்தும் நட்டுவனார் வேறு யார்? அவரும் இசை நடத்துநரே.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 1867இல் பிறந்து 1922இல் மறைந்த தவத்திரு சங்கரதாசு சுவாமிகள் அறுபதுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். அவற்றுட் பெரும்பகுதி இன்று கிடைக்கவில்லை. அவர் நாடகம் எழுதியதோடு நிற்கவில்லை. நாடக ஆசிரியராயிருந்து சிறுவரைப் பாடவும் பேசவும் நடிக்கவும் பயிற்றினார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில்தான் தி.க. சண்முகமும் அவருடைய உடன்பிறந்தாரும் பயின்றனர். மதுரை ஒரிசினல் பாய்சு கம்பெனி என்னும் மற்றொரு குழுவில் எம்.ஜி. இராமச்சந்திரன் வளர்ந்தார். தமிழ்த் திரையுலகை ஆண்டவர்களுள் பலர் அந்த ஏணியில் ஏறியவர்களே. தமிழகத்து நாடகக் குழுக்கள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்து ஆடின.

அந்த ஏணி குறையற்றது என்று கூறுவதற்கில்லை. பிள்ளைகள் பள்ளிக்கல்வியை இழந்தனர். அடியும் பசியும் பட்டனர். கோயில் நாகசுரமும் தவிலும் ஒரு குலத்தாரின் உரிமையாகவே நெடுங்காலம் இருந்தன. பிறர் அந்த ஏணியின் முதற்படியையும் தொட இயலவில்லை. இக்குறைகளைக் களைந்து ஏணியை எல்லார்க்கும் பொதுவாக்குவதே அறிவுடைய சமுதாயத்தின் கடமை. ஆனால் நிகழ்ந்தது வேறு. 1931இல் பேசும்படம் வந்தது. சபைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ஏணி செப்பனிடப்படவில்லை, சாய்க்கப்பட்டது. அதன்பின் தமிழன் கலைஞனை உருவாக்குவதை விடுத்து, உருவாகி வந்தவனுக்கு மாலையிடும் தொழிலை மேற்கொண்டான்.

தமிழகத்தில் அதை மீட்க முயன்றோர் உண்டு. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் இசைக்கல்லூரி தொடங்கினார். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. மலேசியாவிலும் 1981இல் பிரிக்பீல்ட்சில் சுவாமி சாந்தானந்த சரசுவதி அவர்களின் வழிகாட்டலில் டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ் தோன்றி ஆடலும் இசையும் பயிற்றி வருகிறது. இத்தகைய முயற்சிகள் போற்றத்தக்கன. ஆயினும் அவற்றின் வாயிலை அடைய முடியாத பிள்ளைகளே இந்தப் பள்ளத்தாக்கில் மிகுதி. அவர்கள் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். தந்தையர் கனவுந்து ஓட்டுகின்றனர். தாயர் தொழிற்சாலைகளில் முறைவேலை பார்க்கின்றனர். அப்பிள்ளைகளுக்குக் கிட்டிய ஒரே இசைக்கல்லூரி வாகனநிறுத்துமிடம். அவர்களுக்குக் கிட்டிய ஒரே கருவி உறுமி.

உறுமி என்றதும் முகஞ்சுளிப்போர் பலர். அது தெருப்பிள்ளைகளின் ஆரவாரமாம், பத்தியைக் கெடுக்கிறதாம். ஒவ்வொரு தைப்பூசத்திற்குப் பின்னும் இக்குற்றச்சாட்டு எழுகிறது. கட்டுமீறல்கள் நிகழவே இல்லை என்று வாதிட வேண்டியதில்லை. ஆனால் முகஞ்சுளிப்போர் ஒருமுறையேனும் அக்குழுவின் நடுவே நிற்பவனைக் கூர்ந்து பார்க்க வேண்டும். காவடி எடுப்பவரின் பாதத்தின் மீது அவன் கண் பதிந்திருக்கிறது. அவர் தளர்ந்தால் தாளத்தைத் தளர்த்துகிறான். அருளேறினால் விரைவைக் கூட்டுகிறான். மயக்கம் கண்டால் ஒரு கையசைப்பில் அத்தனை கருவிகளையும் அடக்குகிறான். அவனுக்கு முன்னால் எழுதப்பட்ட தாள் இல்லை. ஒத்திகை அறை இல்லை. திருத்தும் ஆசான் இல்லை. பாடகரின் மூச்சைப் பார்த்து நூறு கருவிகளை நடத்தும் ஓபரா நடத்துநர் செய்வதும் இதே செயலன்றோ? இருவர்க்கும் வேறுபாடு திறத்தின் வேரில் இல்லை. திறத்தை வளர்க்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. ஒருவர் 19 வயதில் கல்லூரிக்குள் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்; மற்றவன் அதே வயதில் காவலரால் விரட்டப்படுகிறான்.

உறுமிமேற் கொண்ட வெறுப்பில் பாதி இசைபற்றிய வெறுப்பன்று. தோற்கருவியைத் தொட்டவரைத் தாழ்த்தி வைத்த பழைய சாதிநோயின் மிச்சம் அது. கடல் கடந்து வந்து எத்தனையோ தலைமுறை கழிந்தும் அந்நோய் மட்டும் கப்பலை விட்டு இறங்காமல் கூடவே வந்திருக்கிறது. அதனை வெளிப்படையாகச் சொல்ல நாணுவோர் 'தரம்' என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றனர். தரம் குறைவு என்றால் தரத்தை உயர்த்த யார் என்ன செய்தார்?

இவ்வினாவுக்கு விடை கோயில்களிலேயே இருக்கிறது. பத்துமலையில் தைப்பூசம் தொடங்கி 130 ஆண்டுகளுக்கு மேலாகியும், இந்நாட்டுக் கோயில்கள் நாகசுரத்திற்கும் தவிலுக்கும் பெரும்பாலும் தமிழகத்தையும் இலங்கையையும் நம்பியிருக்கின்றன. வெளிநாட்டுக் கலைஞர்க்குப் பணி உரிமம் பெறுவதில் சிக்கல் எழும்போதெல்லாம் சமுதாயம் அலறுகிறது. அலறுவது ஒரு வாரம். அடங்கிவிடுவது பதினொரு மாதம். வரும் கலைஞர்கள் போற்றுதற்குரியவர்கள். அவர்கள்மேல் குறை ஏதும் இல்லை. ஒரு வித்துவான் பல ஆண்டுகள் இங்கே வாசித்துவிட்டுத் தாயகம் திரும்பும்போது, அவருடைய கலையிற் சிறிதேனும் இம்மண்ணிற் பிறந்த பிள்ளை ஒருவனிடம் தங்கியிருக்க வேண்டாவா? தேர்த்திருப்பணிக்கு நன்கொடை உண்டு. கோபுர வண்ணத்திற்கு நன்கொடை உண்டு. 140 அடி உயரத்தில் முருகனுக்குச் சிலை எடுக்கவும் 2006இல் முடிந்தது. முருகன்முன் நின்று வாசிக்கும் பிள்ளையைப் பயிற்ற மட்டும் பணம் இல்லையா?

'இசை இறைவன் தந்த வரம். பிறவியிலேயே வரவேண்டும்' என்பது அடுத்த சாக்கு. கேட்பதற்கு இனிமையான சாக்கு. பொறுப்பைக் கடவுளிடம் தள்ளிவிடுவதால் எவர்க்கும் செலவில்லாத சாக்கு. வரம் பெற்ற குழந்தைகள் செருமானிய மண்ணில் மட்டும் மிகுதியாகப் பிறக்கின்றனவா? கணிதத்தில் பின்தங்கிய மாணவனை நோக்கி 'உனக்கு வரமில்லை' என்று எந்த ஆசிரியராவது கைவிடுகிறாரா? கூடுதல் வகுப்பு நடத்துகிறார், பயிற்சித்தாள் தருகிறார், பெற்றோரை அழைக்கிறார். கணக்கிற்கு முயற்சி, இசைக்கு வரம் என்பது கல்வியியலுக்கே முரண்.

'இசை சோறு போடுமா?' என்பது கடைசிச் சாக்கு. சென்னையிலிருந்து பின்னணிப் பாடகர்கள் வந்து கலையிரவு நடத்தும்போது நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கும் சமுதாயம் இதைக் கேட்கிறது! இசை சோறு போடத்தான் செய்கிறது. பிறர் வீட்டுப் பிள்ளைக்குப் போடுகிறது. தன் வீட்டுப் பிள்ளைக்குப் படியே கட்டாமல், அவன் ஏறவில்லை என்று பழிப்பது எந்த நீதி?

பள்ளிகளின் பங்கையும் மறைப்பதற்கில்லை. 1983இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோதே இசைக்கல்வி ஒரு பாடமாக இடம்பெற்றது. ஆயினும் பல பள்ளிகளில் அப்பாட வேளை அரசுத் தேர்வுக்கான பயிற்சிக்கு இரையானது கல்வியுலகம் அறிந்த செய்தி. 'தேர்வு இருக்கிறதே, என்ன செய்வது?' என்ற விடைக்கு அன்று ஓரளவு பொருள் இருந்தது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. இன்றும் இசைப்பாட வேளையில் கணக்குத்தாள் வழங்கப்படுமாயின் அதற்கு எந்த அமைச்சும் பொறுப்பன்று. ஆசிரியர் அறையே பொறுப்பு.

அமைப்பு ஒன்றை எழுப்பிவிட்டால் எல்லாம் நலமாகிவிடும் என்பதும் பேதைமை. செருமானிய ஏணியே அதற்குச் சான்று. பிரிட்சு பூசு என்னும் பெரும் நடத்துநர் 1922 முதல் திரெசுடன் ஓபராவின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1933 மார்ச்சில் நாசிக் கட்சியினர் அரங்கிலேயே கூச்சலிட்டு அவரை வெளியேற்றினர். அவர் யூதர் அல்லர்; அக்கட்சிக்கு வளைந்து கொடுக்காதவர். நாட்டை விட்டு வெளியேறிய அவர், 1934இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்னில் புதிய ஓபரா விழா ஒன்றைத் தொடங்கி நடத்துவோருள் ஒருவரானார். நூற்றாண்டுகள் உழைத்துக் கட்டிய ஏணியும் கட்சிக்காரர் கையில் சிக்கினால் ஒரே மாலையில் தகுதியுடையவனைத் தள்ளிவிடும். ஆகவே தமிழர் எழுப்பும் ஏணி எந்தத் தலைவருடைய பெயர்ப்பலகையையும் தாங்கக் கூடாது. எந்தத் தேர்தலையும் நம்பி நிற்கக் கூடாது. பள்ளியும் கோயிலுமே அதன் இரு கால்களாக இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. முதலாவது, இசைப்பாட வேளையை இசைக்கே விடுதல். இரண்டாவது, தமிழ்ப்பள்ளிதோறும் மாணவர் இசைக்குழு ஒன்று அமைத்தல். அதில் உறுமிக்கும் இடமிருத்தல் வேண்டும்; குழுவை நடத்தும் பொறுப்பை மாணவரே மாறிமாறி ஏற்றல் வேண்டும். பிறரைக் கேட்கவும் பிறருக்காகக் காத்திருக்கவும் கற்றவனே நடத்தக் கற்றவன். அக்கல்வி இசைக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் உரியது. மூன்றாவது, வெளிநாட்டுக் கலைஞரை அமர்த்தும் கோயில் ஒவ்வொன்றும் உள்ளூர் மாணவர் இருவரையேனும் அவரிடம் மூன்றாண்டுப் பயிற்சிக்கு ஒப்படைத்தல். அம்மாணவர்க்கு மாத உதவித்தொகையும் அக்கலைஞர்க்கு ஆசிரியர் ஊதியமும் அளித்தல். நான்காவது, பத்துமலை அடிவாரத்தில் வாசிக்கும் உறுமிக் குழுக்களின் தலைவர்களை விழாவுக்கு முந்திய மாதங்களில் அழைத்து, தவில் வித்துவான்களைக் கொண்டு தாளக்கணக்கைப் பயிற்றுதல். விழா நாளில் காவலரை அனுப்புவதைக் காட்டிலும் விழாவுக்கு முன் ஆசிரியரை அனுப்புவது செலவு குறைந்தது, பயனோ பெரிது.

தமிழாசிரியர்களும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் இதனை இசையாசிரியர்க்குரிய வேலை என ஒதுக்குதல் தகாது. முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குவோர் அவர்களே. இயலை மட்டும் பாடநூலில் வைத்து, இசையைக் கலையிரவுக்காரனிடமும் நாடகத்தைத் தொலைக்காட்சியிடமும் ஒப்படைத்துவிட்டு முத்தமிழ் என முழங்குவது பொய்ச்சான்று கூறுவதற்கு ஒப்பாகும்.

அடுத்த தைப்பூசத்திலும் பத்துமலைக்கு அந்த இளைஞன் வருவான். காவடியின் பாதத்தைப் பார்த்துக்கொண்டே தாளத்தை நடத்துவான். அவனைத் தெருப்பிள்ளை என்பதா, தொடக்கப்படியில் நிற்கும் இசை நடத்துநன் என்பதா? இதனை முடிவு செய்வது அவனுடைய கையிலிருக்கும் வளைந்த குச்சியன்று. ஆசிரியர் கையிலிருக்கும் கால அட்டவணையும் கோயிலார் கையிலிருக்கும் கணக்குப் புத்தகமுமே. சாய்ந்து கிடக்கும் ஏணியை நிமிர்த்த அவ்விரண்டும் போதும்.